ஒரு மடிப்புக்கு ஒரு வரி

பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில் சலவைக்கூடம் இருந்தது. அங்கே இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி உயரம், ஒருத்தி குள்ளம். இந்த உலகத்தில் பெயர் வைப்பதற்கு இதைவிட லேசான சந்தர்ப்பம் யாருக்கும் வாய்க்காது. உயரமானவள் நெட்டை ஆனாள். இன்னொருத்தி வயதில் மூத்தவள் என்பதால் மரியாதையோடு குட்டையக்கா ஆனாள்.

வேலை இதுதான். துவைத்த விரிப்பு ஈரத்தோடு ஒரு பக்கம் சூடான உருளைகளுக்குள் போகும். மறுபக்கம் காய்ந்து, இஸ்திரி போட்டு, ஆவி பறக்க வெளியே வரும். இருவரும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து ஒரு உதறு உதறுவார்கள். நீளவாக்கில் ஒரு மடிப்பு. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். நெட்டை தன் மூலைகளைக் குட்டையக்காவின் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, தொங்குகிற மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி வருவாள். மறுபடி போவாள். விரிப்பு தலையணை அளவுக்குச் சுருங்கியதும் தள்ளுவண்டியில் வைத்துவிட்டுத் திரும்பினால் அடுத்தது வந்து நிற்கும்.

உருளைகளின் இரைச்சலில் பத்தடி தள்ளி நிற்பவர் காது கிழியக் கத்தினாலும் கேட்காது. மூலையைக் கைமாற்றுகிற அந்த ஒரு நொடியில்தான் முகத்துக்கு முகம் பேச முடியும். அதனால் இருவருக்கும் பேச்சு துண்டு துண்டாகவே பழகிவிட்டது. ஒரு மடிப்புக்கு ஒரு வரி.

"மாமியாருக்குப் பல் செட்டு வந்துடுச்சுக்கா" என்பாள் நெட்டை. பின்னால் போவாள்.

திரும்பி வரும்போது குட்டையக்கா கேட்பாள், "நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு." போவாள். வருவாள். "திட்டுறது இப்பத்தான் தெளிவாக் கேக்குது."

குட்டையக்காவுக்கு ஒரு நாளில் மனிதரோடு பேசும் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். அவள் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஓர் அறையில் இருந்தாள். சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். நாற்காலி இரண்டு உண்டு. ஒன்றில் அவள் உட்காருவாள், மற்றொன்றில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். புருஷன் என்று ஒருவர் இருந்தார். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவர், சாயங்காலம் வேறு ஊரில் வேறு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதெல்லாம் பழைய கதை. வாரத்துக்கு ஒரு தரம் தங்கச்சி போன் பண்ணுவாள். முதலில் இடது முழங்கால் பற்றிச் சொல்லுவாள், பிறகு வலது முழங்கால் பற்றி. இரண்டும் முடிந்ததும் "சரி, வச்சிடட்டா?" என்பாள்.

நெட்டையின் வீடு இதற்கு நேர்மாறு. ஆள் நிறைந்த வீடு. புருஷன், இரண்டு பையன்கள், பல் செட்டு கட்டிய மாமியார். ஆனால் ஆள் நிறைந்த வீட்டில் தனக்குப் பேச இடமில்லை என்பாள். அதற்கு அவள் சொன்ன காரணம் ரப்பர்.

ரப்பர் என்பது ஒரு நடிகனுக்கு இவர்கள் இருவரும் வைத்த பெயர். ஊரெல்லாம் அவனுக்குக் கட்டவுட் வைக்கும். நெட்டையின் வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகளுக்கும் அவன்தான் குலதெய்வம். அவன் படம் டிவியில் ஓடும்போது நெட்டை குறுக்கே நடந்தாலே "தள்ளு, தள்ளு" என்று மூன்று குரல் கேட்கும். ஒரு தடவை, "இவனுக்கு நடிக்க வராது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பூராவும் வீட்டில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குட்டையக்காவின் வெறுப்புக்கு வேறு காரணம். ஓடிப்போன புருஷன் தலையை ரப்பர் மாதிரியே சீவுவார். நெற்றியில் ஒரு சுருள் வந்து விழ வேண்டும், அதற்குக் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் ஆகும். போன அன்றைக்கும் அந்தச் சுருள் சரியாக விழுந்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவர்கள் சிநேகிதம் தொடங்கியதே ரப்பரால்தான். நெட்டை வேலைக்குச் சேர்ந்த புதிது. கேன்டீன் டிவியில் ரப்பர் அம்மாவின் பிணத்தருகே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். எல்லோரும் சோற்றில் கை வைத்தபடி உருகிக்கொண்டிருந்தார்கள். குட்டையக்கா யாருக்கென்றில்லாமல், "அழறானா, தும்மல் வருதா?" என்றாள். எதிர்மேசையில் ஒரு நெட்டையான பெண்ணுக்குத் தண்ணீர் புரையேறியது. அன்று முதல் ரப்பரைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது.

"அவன் மூஞ்சிக்கு இஸ்திரியே தேவையில்லக்கா."

"ஏன்?"

"சுருக்கம் விழுந்தாத்தானே? எதுக்கும் அசைய மாட்டேங்குது."

இப்படி ஒரு மடிப்பு, அடுத்த மடிப்பு, வருஷங்கள் போயின.

அந்தச் சமயத்தில்தான் ரப்பரின் புதுப்படம் வந்தது. அதில் ஒரு சண்டை ஓட்டல் சலவைக்கூடத்தில் நடக்கிறது என்று தெரிந்ததும் அடித்தளமே ஆடிப்போனது. துவைக்கும் இயந்திரங்களைக் கவனிக்கிறவனை நுரை என்று கூப்பிடுவார்கள். அவன் முதல் நாளே பார்த்துவிட்டு வந்து குதித்தான்.

"நம்ம எடம்க்கா! அப்படியே நம்ம எடம்! உருளை, தள்ளுவண்டி, மேலருந்து துணி விழுற குழாய், எல்லாம் இருக்கு!"

"துணி கிழிஞ்சுதா?" என்றாள் குட்டையக்கா.

"நெறைய."

"அப்ப சம்பளத்துல பிடிப்பாங்க. படத்துல காட்டுனாங்களா?"

சலவைக்கூடத்தில் எல்லோரும் கும்பல் கும்பலாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். இவர்கள் இருவர் மட்டும் போகவில்லை. போகாமலிருப்பது ஒரு பெருமை ஆகிவிட்டது. கேன்டீன் டிவியில் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படத்தின் விளம்பரம் வரும். ரப்பர் ஒரு வெள்ளை விரிப்பை எவன் தலையிலோ வீசிப் போர்த்துவான், அவ்வளவுதான் காட்டுவார்கள். அது வரும்போதெல்லாம் நெட்டை திரும்பி உட்கார்ந்துகொள்வாள். "அவன் மடிச்ச துணிய மறுபடி தோய்க்கணும்" என்பாள்.

குட்டையக்காவின் விடுமுறை நாள் ஒன்றில் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வந்தார்கள். குழாயில் தண்ணீர் இல்லை, மாடியில் இடி இடிப்பது போல் சத்தம். அறையில் இருக்க முடியவில்லை. போவதற்கு ஓர் இடமும் தோன்றவில்லை. விடுமுறை நாளில் சும்மா வந்து நிற்கலாம் என்று சொல்லக்கூடிய வீடு ஒன்றுகூட நினைவுக்கு வராதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில், ஒரே கட்டடத்தில் பல அரங்குகள் இருக்கும் சினிமாவுக்குப் போனாள். ஏதோ ஒரு குடும்பப் படத்துக்கு டிக்கெட் வாங்கினாள். படம் தொடங்கியிருந்தது. இருட்டில் குழந்தை குட்டியோடு போன ஒரு குடும்பத்தின் பின்னாலேயே போய், வரிசையின் நட்டநடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு கார் நின்றது. கதவு திறந்தது. நெற்றியில் சுருள் விழுந்த ஒரு தலை வெளியே வந்தது.

கூட்டம் விசிலடித்தது. குட்டையக்கா பாதி எழுந்தாள். வெளியே போகலாம் என்றால் இரண்டு பக்கமும் முழங்கால்கள், மடியில் தூங்கும் குழந்தைகள். இடைவேளையில் எழுந்து போய்விடலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் அவன் அழுதான். தும்மல்தான், சந்தேகமே இல்லை. இதை நாளைக்கு நெட்டையிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தவள், எப்படிச் சொல்வது, எங்கே பார்த்தாய் என்பாளே என்று அந்த நினைப்பை மடித்து வைத்தாள். பிறகு ஓட்டுநர் இல்லாத பேருந்து ஒன்று சந்தைக்குள் புகுந்தது. ரப்பர் அதன் கூரையில் தொங்கினான். காய்கறி வண்டிகள் பறந்தன. பேருந்து ஒரு பள்ளிக்கூட வாசலை நோக்கிப் போனபோது, குட்டையக்கா வலது காலால் தரையை அழுத்தி பிரேக் போட்டுக்கொண்டிருந்தாள். பேருந்து நின்றதும்தான் காலை எடுத்தாள். பக்கத்திலிருந்த பெண்மணியும் அப்போதுதான் காலை எடுத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒரு பெரிய ஓட்டல். துரத்தல். ரப்பர் அழுக்குத்துணி போடும் குழாயில் குதித்து, மாடி மாடியாகச் சறுக்கி, அடித்தளத்தில் துணிக் குவியல்மேல் வந்து விழுந்தான். கண்ணைத் திறந்தான். சுற்றி ஐந்து தடியன்கள். இடைவேளை.

வெளியே வந்தாள். அரங்க வாசலில் டிக்கெட் பார்க்கிறவர் அவள் கையிலிருந்த சீட்டைக் கவனித்துவிட்டார்.

"அம்மா, இது பக்கத்து அரங்கு டிக்கெட்டும்மா. மாறி உக்காந்துட்டீங்க போல. அங்க இன்னும் பாதிப் படம் இருக்கு, போய்ப் பாருங்க."

குட்டையக்கா பக்கத்துக் கதவைப் பார்த்தாள். நெட்டைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாள். பிறகு இந்தக் கதவைப் பார்த்தாள்.

"இங்க ஒருத்தர் துணி மேல விழுந்து கிடக்காருப்பா," என்றாள். "சுத்தி அஞ்சு பேரு. என்ன ஆச்சுன்னு பாத்துட்டுப் போயிடறேனே."

அவர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

சலவைக்கூடத்துச் சண்டை அவள் நினைத்த மாதிரி இல்லை. ஈர விரிப்பை ரப்பர் கைக்குட்டை மாதிரி சுழற்றினான், அது பொய். உருளைகளுக்குச் சத்தமே இல்லை, அது பெரிய பொய். நான்கு தடியன்கள் நான்கு இயந்திரங்களில் செருகிக்கொண்டார்கள். மிஞ்சியவன் தலைவன். அவன் ஒரு விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்து இழுத்தான். மற்ற இரண்டு மூலையும் ரப்பர் கையில். இருவரும் விறைப்பாக இழுத்தார்கள். நடந்து நெருங்கினார்கள். முகத்துக்கு முகம்.

"வெளிய போற வழி எது?" என்றான் ரப்பர்.

ஒரு குத்து. பின்னால் போனார்கள். விரிப்பு ஒரு மடிப்பு மடிந்தது. மறுபடி நெருங்கினார்கள்.

"வழியே கிடையாதுடா!"

ஒரு குத்து. பின்னால். மறுபடி முகத்துக்கு முகம்.

"அப்ப நீ எப்படி வந்த?"

தடியன் பின்னால் போய் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தபடி நெருங்கி வந்தபோது, ரப்பர் தன் கையிலிருந்த மூலைகளை அவன் தலைமேல் வீசிப் போர்த்தினான்.

குட்டையக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று தெரிய அவளுக்கே சிறிது நேரம் ஆனது. கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் வாயை அடைத்தாள், அப்படியும் நிற்கவில்லை. போ, வா, ஒரு வரி. போ, வா, ஒரு வரி. இத்தனை நாளும் இரைச்சலுக்கு நடுவே இரண்டு பேர் மட்டும் செய்துகொண்டிருந்த ஒரு காரியம். அது எப்படி அங்கே போனது? அதுவும் யாரிடம்?

படம் முடிந்து தெருவுக்கு வந்ததும் சுற்றிலும் கூட்டம் பேசிக்கொண்டு போனது. எல்லோருக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தார். அவளுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. வாய் நிறைய இருந்தது. அறைக்கு வந்து, இரண்டாவது நாற்காலியில் இருந்த துணியை எடுத்து மடித்துவிட்டு, தங்கச்சிக்கு அவளே போன் போட்டாள்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஒரு படம் பாத்தேன்டி." யார் படம் என்று சொன்னாள்.

"அவனா? நல்ல நடிகனாச்சே! எல்லாப் படமும் நல்லாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான், விஷயம் செத்துப்போனது. முழங்காலுக்குப் போய்விட்டார்கள். போனை வைத்த பிறகு குட்டையக்காவுக்கு ஒன்று புரிந்தது. பிடிக்காத ஒருவன் ஒரு மத்தியானம் பிடித்துப்போகிற அதிசயத்தை, அவனைப் பிடித்தவர்களிடம் சொல்லிப் பயனில்லை. அவனைப் பிடிக்காத ஒருத்தியிடம்தான் சொல்ல வேண்டும். அப்படி ஒருத்திதான் இருந்தாள். அவளிடம் மட்டும் சொல்லக்கூடாது.

சொல்லவில்லை. ஆனால் வேலையில் பிசகு தெரிந்தது. நெட்டை ரப்பரைக் கிண்டலடித்தால் இவள் "ம்" என்றாள். முன்பெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள்.

"என்னக்கா, காய்ச்சலா?"

"இல்லையே."

"வாய் மழுங்கிப்போச்சு உனக்கு."

ஒரு நாள் பேருந்துகள் ஓடவில்லை. குட்டையக்கா நடந்தே வந்து சேர்ந்தாள். விரிப்பு வெளியே வந்தது. உதறினார்கள், மடித்தார்கள், நெருங்கினார்கள்.

"பஸ்ஸே இல்லையாமே," என்றாள் நெட்டை. "அப்ப நீ எப்படி வந்த?"

சொல்லிவிட்டுப் பின்னால் போனாள். மறுபடி நெருங்கி வந்து, எப்போதும் போல் மூலைகளைக் கொடுக்கக் கையை நீட்டினாள். குட்டையக்காவின் கை வாங்கிக்கொள்ளவில்லை. அது தன்பாட்டுக்கு உயர்ந்து, தன்னிடமிருந்த மூலைகளை நெட்டையின் தலைமேல் வீசிப் போர்த்தியது.

நெட்டை அசையாமல் நின்றாள். வெள்ளை விரிப்புக்குள் ஒரு தூண் மாதிரி. நுரை தூரத்திலிருந்து கைதட்டி, "அப்படியே அந்த ஸீனு!" என்று கத்தினான். அவன் கத்தியது கேட்கவில்லை, ஆனால் வாயசைவு எல்லோருக்கும் புரிந்தது. நெட்டைக்குப் புரிய அவன் தேவையில்லை. அந்த வீச்சைத்தான் அவள் தினமும் சாப்பாட்டு நேரத்தில் பார்க்காமல் திரும்பிக்கொண்டிருந்தாளே.

அவள் விரிப்பை மெல்ல இழுத்துத் தலையிலிருந்து எடுத்தாள். முடி கலைந்திருந்தது.

"வீட்ல மூணு பேரு," என்றாள். மூலைகளைக் கொடுத்தாள், பின்னால் போனாள், திரும்பி வந்தாள். "இப்ப இங்கயும் ஒண்ணு."

அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை.

மறுநாள் நெட்டை சூப்பர்வைசரிடம் கேட்டுத் துண்டு மேசைக்கு மாறிவிட்டாள். துண்டு மடிக்க ஒரு ஆள் போதும். யாரோடும் பேச வேண்டியதில்லை. குட்டையக்காவுக்கு எதிரே ஒரு புதுப்பெண் வந்து நின்றாள். நல்ல வேலைக்காரி. காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தாள். நெருங்கி வருவாள், மூலையைக் கொடுப்பாள், போவாள். குட்டையக்காவுக்குச் சாயங்காலம் பேருந்தில் நடத்துனர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டபோது தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து பேசவேயில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு சாப்பாட்டு வேளையில் நேரே துண்டு மேசைக்குப் போனாள். உருளைகளை நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில் முழு வாக்கியமாகப் பேச வேண்டியிருந்தது இருவருக்கும் கூச்சமாக இருந்தது.

"முதல் பாதி தெரியாமப் போய் உக்காந்தது," என்றாள் குட்டையக்கா. "கதவு மாறிப்போச்சு."

நெட்டை துண்டை மடித்தாள். "ரெண்டாவது பாதி?"

"தெரிஞ்சேதான் போனேன்."

இன்னொரு துண்டு. "பிடிச்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் வந்தோமோ என்றுகூட இருந்தது.

"பிடிச்சுது."

"அவனையா?"

"அவன யாருக்குடி பிடிக்கும்? அழுதான், அதே தும்மல்தான். மூக்கு வரைக்கும் வந்து நின்னுபோச்சு."

நெட்டையின் உதடு லேசாக இழுபட்டது. உடனே சரியாகிவிட்டது. "அப்புறம் என்ன எழவு பிடிச்சுது?"

"நம்மள மாதிரி மடிச்சான்."

நெட்டைக்குப் புரியவில்லை. சொன்னால் புரியாது என்று தெரிந்து குட்டையக்கா ஒரு பெரிய குளியல் துண்டை எடுத்து, இரண்டு மூலையை அவள் கையில் திணித்தாள்.

"பிடி."

"நான் யாரு?"

"தடியன்."

"நான் ஏன் தடியன்?"

"நெட்டையா இருக்கியே. இழு. வா, கிட்ட வா. நான் கேக்கறேன்: வெளிய போற வழி எது? இப்ப என்னைக் குத்து. மெல்ல, சனியனே! பின்னால போ. இப்ப வா. வழியே கிடையாதுடான்னு சொல்லு."

"வழியே கிடையாதுடா."

"போ. வா. அப்ப நீ எப்படி வந்த?"

நெட்டை பின்னால் போனாள். அங்கேயே நின்றாள். தடியன் யோசித்த மாதிரியே வாயைத் திறந்தாள்.

"அடப்பாவி," என்றாள். "பேசறானுங்க. நம்மள மாதிரி வந்து வந்து பேசறானுங்க."

"அதான் சொல்றேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா அவனுக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

நெட்டை துண்டைப் பார்த்தாள். பிறகு அதை மேசையில் போட்டுவிட்டுத் தானே மடித்தாள். "நீ அப்படிச் சிரிச்சியா? நுரை சொன்னான், தியேட்டரே சிரிச்சுதுன்னு."

"சிரிச்சேன்."

"எங்கிட்ட ஒரு நாளாவது அப்படிச் சிரிச்சிருக்கியா?"

"உங்கிட்ட சிரிச்சா விரிப்பு உருளைல மாட்டிக்கும்டி."

நெட்டை அடுத்த துண்டை எடுத்தாள். மணி அடித்தது, உருளைகள் கிளம்பின. குட்டையக்கா தன் இடத்துக்குத் திரும்பி வந்து நின்றாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் விரிப்பு வெளியே வந்தபோது எதிரே உயரமாக ஒருத்தி நின்றாள். மூலையைப் பிடித்தாள். உதறினாள். நெருங்கி வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"நான் பாக்க மாட்டேன்."

போனாள். வந்தாள்.

"பாக்க வேணாம்," என்றாள் குட்டையக்கா.

போனாள். வந்தாள்.

"ஆனா கதைய சொல்லு. மொதல்லருந்து."

அப்படித்தான் அந்தப் படம் மறுபடி ஓடியது. கார் வந்து நிற்க மூன்று விரிப்பு ஆனது. பேருந்து சந்தைக்குள் புகுந்து நிற்பதற்குள் ஒரு தள்ளுவண்டி நிறைந்துவிட்டது. குட்டையக்கா ஒரு வரி சொல்லுவாள், நெட்டை பின்னால் போய் அதை மென்று, திரும்பி வந்து துப்புவாள். "கூரைல தொங்குனானா? அந்தச் சுருள் கலைஞ்சுதா?" "கலையல." "தெரியும் எனக்கு." ஒரு தடவை குட்டையக்கா, "ஆனா அந்த எடம் நல்லா இருந்துச்சுடி" என்றாள். நெட்டை ஒரு மடிப்பு முழுக்க முறைத்தாள். அடுத்த மடிப்பில், "உன் தலையெழுத்து" என்றாள். இப்போது இருவருக்கும் நடுவே ஒரு சண்டையும் இருந்தது. அது பேச்சுக்கு நன்றாகவே உதவியது.

கதை கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது வேலை முடியும் நேரம். ரப்பர் நெஞ்சில் குண்டு வாங்கிக்கொண்டு மொட்டைமாடி விளிம்பில் நின்றான். மடிக்க ஒரே ஒரு விரிப்பு மிச்சம். நெட்டை கண் விரிய நெருங்கி வந்தாள்.

"செத்தானா?"

குட்டையக்கா மூலைகளை வாங்கிக்கொண்டாள். நெட்டை குனிந்து, மடிப்பை எடுத்து, பின்னால் போய், விடுவிடென்று திரும்பி வந்தாள்.

"செத்தான்னு சொல்லுக்கா. நிம்மதியா வீட்டுக்குப் போவேன்."

"நாளைக்குச் சொல்றேன்."

"அடிப்பாவி!"

உருளைகள் நின்றன. நெட்டை திட்டிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கு அந்தப் பக்கத்துப் பேருந்து. குட்டையக்கா இந்தப் பக்கத்து நிறுத்தத்தில் போய் நின்றாள். பேருந்து வந்தது, ஏறினாள், மூன்று மாடி ஏறினாள், கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். சன்னலுக்கு வெளியே அதே சுவர். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

நாளைக்குச் சொல்ல ஒரு வரி கையில் இருந்தது. அதை எந்த மடிப்பில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.